கீலுக்கு அடியில் இரண்டு புள்ளி

1

கடையிலிருந்து,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் சௌக்கியம் என்று தங்கச்சி சொல்லிவிட்டாள், அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. என் போனை நீங்கள் எடுப்பதில்லை. ஏழு தடவை அடித்தேன். எட்டாவது தடவை, மணியே அடிக்காதபடி ஏதோ செய்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய தபாலாக அனுப்புகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஆபீசில் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டு அழுதவர் நீங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிய காகிதத்தைப் படிக்காமல் கிழிக்க உங்கள் கை வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மரப் பட்டறை வைக்கப் போகிறீர்கள். வையுங்கள். நாற்பத்தொன்பது வயதில் மனிதனுக்கு என்ன ஆசை வந்தாலும் அது அவன் பாடு. அதற்காக மூன்று பழைய மெஷின்கள் வாங்கியிருக்கிறீர்கள்: ஒரு வட்ட ரம்பம், ஒரு இழைப்பு மெஷின், ஒரு பேண்ட் சா. பதினாறு வருஷமாகப் பழைய மெஷின் வாங்கி விற்றே சோறு தின்கிறவன் உங்கள் மனைவிக்கு அண்ணன். அவனிடம் வாங்கவில்லை. சென்ட்டுக்காரனிடம் வாங்கியிருக்கிறீர்கள். பழைய இரும்புக் குவியலுக்கு நடுவில் சட்டையில் சென்ட் அடித்துக்கொண்டு நிற்கிறவனிடம்! அவன் கடைக்கு என் கடை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போயிருக்கிறீர்கள். உங்கள் சரக்கை ஏற்றிய லாரி என் வாசலில்தான் திரும்பியது, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு. யாரோ இளிச்சவாயன் தலையில் கட்டி அனுப்புகிறான் என்று நினைத்து டீயை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். மறுநாள் தங்கச்சி போனில் சொன்ன பிறகுதான் இளிச்சவாயன் யார் என்று தெரிந்தது.

நான் உங்களைப் பார்த்துச் சிரித்தது நிஜம். மறைக்கவில்லை. போன மாதம் நீங்கள் என் கடைக்கு வந்தபோது வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருந்தார்கள். நீங்கள் இழைப்பு மெஷினின் பிளேடு முனையை விரலால் தடவிப் பார்த்தீர்கள். "மாப்ள, அது ரப்பர் ஸ்டாம்பு இல்ல, ரத்தம் வரும்" என்றேன். நாலு பேரும் சிரித்தார்கள். "மேல குத்தி கையெழுத்துப் போடறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல, நீங்க போய் பேனா பிடிங்க" என்றும் சொன்னேன். நீங்கள் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்து, அதை நாலாக மடித்து, பையில் வைத்துக்கொண்டு, "வர்றேன் மச்சான்" என்று போனீர்கள். போனவர் போனவர்தான். ஒரு கேலிப் பேச்சுக்கு இவ்வளவு ரோஷம் என்றால், நாளைக்கு மேசை கோணலாக இருக்கிறது என்று ஒருவன் உங்கள் முகத்துக்கு நேரே சொல்வானே, அப்போது என்ன செய்வீர்கள்? அவனுக்கும் மணியடிக்காதபடி செய்வீர்களா?

சரி, வாங்கினதாவது பார்த்து வாங்கினீர்களா? தங்கச்சியிடம் விசாரித்தேன். "அண்ணே, எல்லாம் பளபளன்னு பச்சை பெயின்ட், புதுசு மாதிரியே இருக்கு" என்றாள். பழைய மெஷினில் பளபளப்பு எங்கே அதிகமோ அங்கேதான் புண் இருக்கும். அழுக்காக நிற்கிற மெஷினை நம்பலாம். முகத்தில் பவுடர் போட்டு நிற்கிறதை நம்பக் கூடாது. வார்ப்பிரும்பு என்றால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல வார்ப்பு மணி மாதிரிப் பேசும். உள்ளே கீறல் இருந்தால் மண்சட்டி மாதிரி 'தட்' என்று செத்த சத்தம் வரும். நீங்கள் தட்டியிருக்க மாட்டீர்கள். கதவைத் தட்டுவதற்கே கூச்சப்படுகிறவர்.

பேண்ட் சாவில், அதாவது மேலும் கீழும் இரண்டு பெரிய சக்கரத்தில் வளையமாக ஓடுகிற அந்த ரம்பத்தில், பிளேடு இறுக்கி மாட்டியிருந்ததா என்று கேட்டேன். "ஆமாண்ணே, ரெடியா இருக்கு, கரண்ட் குடுத்தா ஓடும்" என்றாள் பெருமையாக. விற்பனைக்கு நிற்கிற மெஷினுக்குப் பிளேடு எதற்கு மாப்பிள்ளை? பிளேடு இறுகி உட்கார்ந்திருந்தால் சக்கரத்தைத் தட்டினாலும் அது வாய் திறக்காது. அதற்குத்தான் மாட்டி வைக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. உங்களுக்குத்தான் தெரியாது.

இன்னொரு கூத்து. வாங்கினது மூன்றும் த்ரீ பேஸ் மோட்டார். உங்கள் வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ் கரண்ட், அதில் மூன்றும் ஓடாது. இதைக் கேட்டு நான் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இருபத்திரண்டு வருஷம் மற்றவன் விண்ணப்பத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்பினவர், தன் வீட்டு மீட்டரை ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை! இப்போது புது இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு, மூன்று மெஷினையும் துணி போட்டு மூடி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். உங்கள் ஆபீசில் நாங்கள் எல்லாம் காத்திருந்தோமே, அந்த சுகம் இப்போது தெரிகிறதா?

தங்கச்சி ஒன்று கேட்டாள். "சிரிச்சது போதும்ணே. ஒரு நடை வந்து மெஷினெல்லாம் பாத்துட்டுப் போயேன்." வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் முதுகை ஒடித்துக்கொண்டு வந்து, சென்ட்டுக்காரன் சரக்குக்கு நான் நல்ல பெயர் எழுதிக் கொடுக்கவா? கூப்பிட வேண்டியவர் கூப்பிடட்டும். அவருக்கு வாய் இருக்கிறது.

உங்களுக்கு இஷ்டமிருந்தால் ஒவ்வொரு மெஷினையும் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த அளவுக்கு ஏமாந்திருக்கிறீர்கள் என்றாவது சொல்கிறேன். கரண்ட் வருகிற வரைக்கும் ஆண்டவன் உங்களைக் காப்பாற்றுவான். வந்த பிறகு நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
நீங்கள் தாண்டிப் போன கடைக்காரன்.


2

கடையிலிருந்து,
சனிக்கிழமை.

மாப்பிள்ளைக்கு,

உங்கள் தபால் வந்தது. ஒன்பது பக்கக் கடிதம், நாற்பது படம். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் எண், தேதி, 'இழைப்பு மெஷின், வடக்குப் பக்கம்' என்று குறிப்பு. நான் கேட்டது படம், நீங்கள் அனுப்பியிருப்பது ஃபைல். அதன் நடுவில் என்னைப் பற்றி எழுதியிருப்பதையும் படித்தேன். "பிறர் முன்னேற்றம் கண்டு வயிறெரிவது தங்கள் தொழில் வியாதி." எழுத்து அழகாக இருக்கிறது. "தங்களிடம் வாங்கியிருந்தால் மெஷினுடன் வாழ்நாள் முழுவதும் ஏளனத்தையும் சேர்த்துச் சுமந்திருப்பேன்." இதுவும் நன்றாக இருக்கிறது. பதில் எழுத ஐந்து பக்கம் யோசித்து வைத்தேன். அதை எழுத இப்போது நேரமில்லை.

வட்ட ரம்பம் பரவாயில்லை. மேசை சமமாக இருக்கிறது, ஒரு பேரிங் மாற்றினால் போதும். இழைப்பு மெஷினும் தேறும். சென்ட்டுக்காரன் இரண்டு நல்ல சரக்குக் கொடுத்திருக்கிறான் என்று என் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது, எழுதிவிட்டேன், திருப்தியா?

பேண்ட் சாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காரணம் கேட்காதீர்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. ஆரம்பிக்கிறவனுக்கு அவ்வளவு பெரிய சக்கரம் வேண்டாம். அதைவிட நல்லது என்னிடம் இருக்கிறது, அடுத்த லாரியில் ஏற்றி அனுப்புகிறேன். மாற்றிக்கொள்ளுங்கள். மேலே ஒன்றும் கொடுக்க வேண்டாம். உங்களுடைய பழையதை அந்த லாரிக்காரரிடமே ஏற்றிவிடுங்கள். சென்ட்டுக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இருபத்தேழாவது படத்தின் பின்னால், 'கீழ்ச் சக்கரக் கதவு, கீலுக்கு அடியில் இரண்டு புள்ளி, பஞ்ச் கொண்டு அடித்தது. இது கம்பெனியில் இரண்டு முறை சோதித்துத் தேறியதற்கான அடையாளம் என விற்பவர் தெரிவித்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு அடையாளம் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. உங்களிடம் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான். அந்தப் புள்ளியை மனதில் வைத்துக்கொண்டு அந்த மெஷினை நல்லது என்று நம்ப வேண்டாம்.

இன்னொன்று. பன்னிரண்டாவது படத்தில் தங்கச்சி அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்வதற்குப் பழகுகிறாளாம். சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி மேல் சக்கரம். அவளை அங்கே நிறுத்தாதீர்கள். விளையாட்டுக்குக்கூட நிறுத்தாதீர்கள்.

லாரி திங்கட்கிழமை கிளம்புகிறது. வம்பு பண்ணாமல் சரி என்று ஒரு வரி எழுதி லாரிக்காரரிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்.


3

கடையிலிருந்து,
வியாழக்கிழமை.

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் ஒரு வரி வந்தது. 'சரி' என்று எழுதச் சொன்னேன். "தாங்கள் இவ்வளவு ஆசைப்படும் அந்த மெஷின் மிக நல்லதாகத்தான் இருக்க வேண்டும், வரும் திங்கட்கிழமை புது இணைப்பு வருகிறது, முதலில் அதைத்தான் ஓட்டப் போகிறேன்." லாரிக்காரரையும் கொண்டுவந்த மெஷினோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எழுதியது நீங்கள் என்றாலும், என் முட்டாள்தனம்தான் உங்களை அப்படி எழுத வைத்தது. பழைய மெஷின் வியாபாரி ஒருவன் திடீரென்று நல்லவனாகி, மேலே எதுவும் வாங்காமல் மாற்றித் தருகிறேன் என்றால், நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

நேற்று தங்கச்சியிடம் பேசினேன். திங்கட்கிழமை சுவிட்ச் போட விடாதே என்றேன். "ஏண்ணே?" என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். "நீ வேணாம்னு சொன்னேன்னு அவர்கிட்ட சொன்னா அன்னிக்கே ரெண்டு தடவ போடுவார். உங்க ரெண்டு பேர் நடுவுல நான் என்ன பிளேடா, ரெண்டு பக்கமும் இழுக்கறதுக்கு?" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. என் பேச்சு உங்களை நிறுத்தாது. அதனால் உள்ளதை எழுதுகிறேன். இதை உங்களுக்கு எழுத வேண்டி வந்ததே என்று எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அந்த ஆத்திரம் அப்படியே இருக்கட்டும், நீங்கள் படியுங்கள்.

அந்த இரண்டு புள்ளியை அடித்தவன் நான்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால். கடை வைத்து இரண்டாவது வருஷம். கையில் இருந்தது எல்லாம் போட்டு ஒரே ஒரு லோடு எடுத்திருந்தேன். மழையில் இறக்கும்போது சங்கிலி வழுக்கி இந்த பேண்ட் சா தலைகுப்புற விழுந்தது. மேல் சக்கரம் வாசல் கல்லில் மோதியது. வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் தொங்கவிட்டுத் தட்டினேன். 'தட்' என்றது. துடைத்துப் பார்த்தால் ஒரு ஆரக்கால் விளிம்போடு சேருகிற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். அந்தச் சக்கரத்தை அன்றைக்கே உடைத்து எடைக்குப் போட்டிருக்க வேண்டும். நான் வெல்டிங் வைத்தேன். வார்ப்பிரும்பில் வைத்த வெல்டிங் எவ்வளவு தாங்கும் என்று அப்போதும் எனக்குத் தெரியும். அரத்தால் தேய்த்து, பட்டி பூசி, பச்சைப் பெயின்ட் அடித்து, பிளேடை இறுக்கி மாட்டி நிறுத்தினேன். போன கடிதத்துக்கு முந்தியதில் 'எல்லோருக்கும் தெரிந்த வித்தை' என்று எழுதினேனே, அது எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது புரிந்திருக்கும்.

புள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். பழைய மெஷின் சுற்றிச் சுற்றி வரும். இன்றைக்கு விற்றது பத்து வருஷம் கழித்து வேறு நிறத்தில் நம் வாசலிலேயே வந்து நிற்கும். நான் பட்டி பூசிய மெஷினை நானே ஏமாந்து திரும்ப வாங்கிவிடக் கூடாது இல்லையா? அதற்காக, அப்படிப்பட்டதில் மட்டும், யார் கண்ணும் போகாத இடத்தில் இரண்டு புள்ளி அடிப்பேன். அப்படி நான் விற்றது மொத்தம் மூன்று மெஷின். மற்ற இரண்டும் உடைபட்டு எடைக்குப் போனது எனக்குத் தெரியும். இது மட்டும் வெளியே இருந்தது. அந்தப் புள்ளி என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் வைத்துக்கொண்டது. வாங்குகிறவனுக்கு அதில் ஒரு நன்மையும் கிடையாது. பதினாலு வருஷத்தில் அதைக் குனிந்து பார்த்து, படம் எடுத்து, எண் போட்ட ஒரே ஆள் நீங்கள்.

அதைப் படச் சட்டம் போடுகிற ஒருவருக்கு விற்றேன். அவர் அறுத்தது எல்லாம் விரல் கனத்துச் சட்டம். ஒல்லிப் பிளேடு, இறுக்கமும் குறைவு. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது சாக்கு வைத்து அவர் கடைப் பக்கம் போய், இரண்டு கையிலும் விரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். நலம் விசாரிக்க வருகிறேன் என்று அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுப்பார். போன வருஷம் கடையைக் காலி செய்துவிட்டார். மெஷின் எடைக்குப் போயிருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

நீங்கள் அதில் செய்யப் போவது வேறு வேலை. முழுக் கட்டையைப் பலகையாகப் பிளக்கப் போவதாக உங்கள் ஒன்பது பக்கத்தில் இருக்கிறது. அதற்கு அகலப் பிளேடு வேண்டும். அகலப் பிளேடு என்றால் இரண்டு மடங்கு இறுக்க வேண்டும். அந்தச் சக்கரம் தாங்காது. முதல் நாளே உடையும் என்று சொல்லவில்லை, மாதக்கணக்கில்கூட ஓடலாம். ஆனால் உடைந்தால் அந்த வேகத்தில் தகரக் கதவு அதை நிறுத்தாது. பன்னிரண்டாவது படத்தை இந்த வாரம் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

நேற்று சென்ட்டுக்காரன் கடைக்குப் போனேன். அவன் சட்டையைப் பிடித்து உலுக்குவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவன் கடைக்குள் நான் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. "வாங்க முதலாளி, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றான். எங்க மாப்பிள்ளை தலையில் என்னத்தைக் கட்டினாய் என்று கேட்டேன். அந்தப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். "அவர் குனிஞ்சு குனிஞ்சு பாத்து அது என்ன, இது என்னன்னு கேட்டுட்டே இருந்தார். எனக்கு என்னய்யா தெரியும்? கம்பெனி சோதனைன்னு அடிச்சு விட்டேன்" என்றான். சக்கரத்தைத் தட்டிப் பார்த்தாயா என்று கத்தினேன். கீறல் என்றேன். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"தட்டல" என்றான். "படச் சட்டம் போடறவர்கிட்ட அத வாங்கும்போது, இது உங்க கடையில இருந்து வந்ததுன்னு சொன்னார். உங்க வாய் நாறும், ஆனா சரக்கு நாறாதுன்னு இந்தத் தெருவே சொல்லும். உங்க கை பட்டதுன்னா எதுக்குத் தட்டணும்னு விட்டுட்டேன்" என்றான். அவன் சட்டை என் கையில்தான் இருந்தது மாப்பிள்ளை. விட்டுவிட்டேன்.

அவன் விடவில்லை. சட்டையை நீவிக்கொண்டே சொன்னான். "உங்க மாப்பிள்ளைக்கு மூணு பேண்ட் சா காட்டினேன். அவருக்கு ஒண்ணும் பிடிக்கல. அப்புறம் இது உங்க மச்சான் கடையில இருந்து போன சரக்குன்னு சொன்னேன். மத்ததத் திரும்பியே பாக்கல. 'அவர் பேச்சு அப்படித்தான் இருக்கும், ஆனா மெஷின் விஷயத்துல பொய் சொல்ல மாட்டார்'னார். உங்ககிட்ட சொல்லிடாதீங்கன்னு வேற சொல்லிட்டுப் போனார்."

ஒன்பது பக்கம் எழுதினீர்கள். வயிற்றெரிச்சல் எழுதினீர்கள், ஏளனம் எழுதினீர்கள். இதை ஏன் எழுதவில்லை? இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேனே! தங்கச்சி ஒரு நடை வா என்று கூப்பிட்டபோதே வந்திருக்க வேண்டியவன் நான். ரோஷம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் மன்னித்துவிட்டு, அதையும் நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிவீர்கள், அது எனக்குத் தேவையில்லை. நான் கேட்பது, அந்தச் சுவிட்சில் கை வைக்காதீர்கள். என் வார்த்தையை நம்ப வேண்டாம். பிளேடைத் தளர்த்திக் கழற்றுங்கள். மேல் சக்கரத்தை இரண்டு பேராக இறக்கி, கயிற்றில் தொங்கவிட்டு, மரச் சுத்தியலால் தட்டுங்கள். பிறகு கீழ்ச் சக்கரத்தையும் தட்டுங்கள். இரண்டு சத்தத்தையும் கேளுங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒரே மாதிரி மணியாகப் பேசினால், நான் வயிற்றெரிச்சலில் கதை கட்டினேன் என்று என் கடை வாசலில் போர்டு எழுதி மாட்டுங்கள்.

உங்கள் த்ரீ பேஸ் விஷயத்தைச் சொல்லி முதல் கடிதத்தில் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீட்டரைப் பார்க்காமல் வாங்கினீர்களே, அந்த ஒரு தப்புதான் இத்தனை நாள் உங்கள் இருவரையும் அந்த மெஷினிடமிருந்து தள்ளி வைத்திருந்தது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உங்கள் பக்கம் லோடு ஏற்றிப் போகிற டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி வரி படித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் பாதியில் மடித்தால், அவர் மறுபடி பிரித்து நீட்டுவார். நல்ல மனிதர், அவரைத் திட்டாதீர்கள். வழக்கம்போல எண் போட்டு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதம் உங்களிடம் இருக்கிற வரைக்கும் உங்கள் எதிரில் நான் வாய் திறக்க முடியாது. அதுவும் தெரிந்துதான் எழுதிக் கொடுக்கிறேன். தங்கச்சியிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். எனக்கு அவளிடம் சொல்ல முடியவில்லை.

அதே கம்பெனி, அதே அளவு மெஷின் ஒன்று என் கடையில் இருக்கிறது. அதன் மேல் சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். லேத்துக்காரர் உள்துளையைச் சரிபார்த்து சனிக்கிழமை தருகிறார். அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். வந்து சேரச் சாயங்காலம் ஆகும். வீட்டுக்குள் கூப்பிட வேண்டாம். காபி வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். பட்டறைக் கதவை மட்டும் திறந்து வையுங்கள். மாட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். பழைய சக்கரத்தை உங்கள் கண் முன்னாலேயே உடைத்துவிட்டுப் போகிறேன். அந்தக் கதவுக் கீலுக்கு அடியில் இருக்கும் இரண்டு புள்ளியை மட்டும் அழிக்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

நான் கொண்டு வருகிற சக்கரத்தை வாசலிலேயே வாங்கித் தொங்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். நான் எதிரில் நிற்கிறேன் என்று கூச்சப்படாதீர்கள், நாலு பேர் பார்க்கட்டும். மச்சான் கொண்டு வந்தது என்பதற்காகத் தட்டாமல் வாங்கிவிடாதீர்கள். இனிமேல் என் கையிலிருந்து எதை வாங்கினாலும் தட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

உங்கள் பத்து விரலும் அவளுடைய பத்து விரலும் நன்றாக இருக்க வேண்டும். அவளைத் திங்கட்கிழமையும் அந்தப் பக்கம் நிற்க வையுங்கள், பலகையை வாங்கட்டும். ஆனால் நான் வந்துபோன பிறகு.

உங்கள்
மச்சான்.